சித்திர வரலாறும் வீட்டுத் தமிழும்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்முடைய இல்லங்களில் தமிழ் இரண்டு கூறாகப் பிரிந்து கிடப்பதைக் காண்கிறோம். ஒன்று, அடுக்களைத் தமிழ். 'சாப்பிட வா', 'செருப்பைக் கழற்றிவிட்டு வா', 'பாட்டியோடு பேசு' என்னும் அளவில் அது குறைவின்றி நடைபெறுகிறது. மற்றொன்று, ஏட்டுத் தமிழ். அது அலமாரியில் இருக்கிறது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் குழந்தைகள் முதல் வகையில் தயக்கமின்றிப் பேசுவார்கள். இரண்டாவது வகையில் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினாலோ, அயல்மொழி கேட்பவர்போல் விழிப்பார்கள். தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருக்கின்றன. மும்பையில் மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. அவற்றில் சேரும் வாய்ப்பில்லாத குழந்தைகளுக்கு வீடுதான் பள்ளி. இரவு உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையேயுள்ள அரைமணி நேரந்தான் தமிழ் வகுப்பு.

அந்த அரைமணி நேரத்தில் என்ன செய்யலாம்? எழுத்துப் பயிற்சி செய்விக்கலாம், செய்யவும் வேண்டும். ஆனால் பகலெல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதிக் களைத்த கைக்கு, இரவில் மறுபடியும் ஒரு குறிப்பேட்டைக் கொடுப்பது அத்தனை இன்பமான காரியம் அன்று. நாம் பல வழிகளை முயன்று பார்த்து, கடைசியில் வந்து சேர்ந்த வழி ஒன்று உண்டு. படங்கள் நிறைந்த வாழ்க்கை வரலாறு ஒன்றை எடுத்துக்கொண்டு, குழந்தைகளை அருகே அமர்த்தி, உரக்கப் படிப்பது. கேட்பதற்கு மிக எளிய வழியாகத் தோன்றும். அதில் நாம் செய்த பிழைகளையும் சேர்த்தே இங்குச் சொல்ல விரும்புகிறோம்.

மாயக் கதைகள் இருக்க, வாழ்க்கை வரலாறு எதற்கு என்று கேட்கலாம். மாயக் கதையில் எது நடந்தாலும் குழந்தை ஏற்றுக்கொண்டுவிடும். பூசணிக்காய் பேசினால் பேசட்டும் என்று விட்டுவிடும். 'இது உண்மையாக நடந்தது' என்று சொல்லிவிட்டால், உடனே காரணம் தேடத் தொடங்குகிறது. எங்கே, எப்போது, ஏன் என்று வினாக்கள் எழுகின்றன. வினா எழும் இடத்தில்தான் புதிய சொல் தங்குகிறது. படமோ, தெரியாத சொல்லின் பாதிச் சுமையைத் தாங்கிக்கொள்கிறது. 'சாக்கு' என்ற சொல்லை அறியாத குழந்தை, தரையில் விரித்த கோணித் துணியையும் அதன்மேல் தனியே அமர்ந்திருக்கும் சிறுவனையும் கண்டால், அகராதியைத் தேட வேண்டியதில்லை.

நாம் எடுத்துக்கொண்டது டாக்டர் அம்பேத்கரின் வரலாறு. இளங்குழந்தைகளுக்கென்று, ஏன் என்று கேட்ட சிறுவனாக அவரைக் காட்டும் சித்திரப் புத்தகம் ஒன்றைச் சென்னைத் தூலிகா பதிப்பகத்தார் 2015இல் வெளியிட்டனர். சௌம்யா ராஜேந்திரன் எழுதியது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் 'பீமாயணம்' இருக்கிறது. 2011இல் ஆங்கிலத்தில் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் கதையமைக்க, மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதியர் சித்திரம் தீட்டியிருக்கிறார்கள். நம் வீட்டில் மூத்தவளுக்குப் பத்து வயது, இளையவனுக்கு ஏழு. ஆகவே பீமாயணத்தை எடுத்தோம். அவளுக்குக் கதை, அவனுக்குப் படம் என்பது நம் எண்ணம். இருவரும் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் இரவு நடந்ததைச் சொல்ல வேண்டும். நாம் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள். காலை முதல் மாலை வரை ஒரு மொழிச் சொல்லுக்கு மற்றொரு மொழிச் சொல்லை வைத்துப் பழகிய கை, இரவிலும் அதையே செய்தது. வரிக்கு வரி நிறுத்தினோம். 'சாக்கு' என்றால் 'போரி' என்றோம். 'தாகம்' என்றால் 'ப்யாஸ்' என்றோம். 'தீண்டாமை' என்ற சொல் வந்தது, 'சுஆசூத்' என்றோம். மூத்தவள், "தெரியும், பள்ளியில் படித்திருக்கிறோம்" என்றாள். நமக்கு மகிழ்ச்சி. பக்கத்தைத் திருப்பினோம். பத்து நிமிடத்தில் இளையவன் உறங்கிவிட்டான். மூத்தவள் மரியாதைக்காக விழித்திருந்தாள். கதை என்னவாயிற்று என்று கேட்டதற்கு, "ஒரு பையன் பள்ளிக்குப் போனான்" என்றாள். அவ்வளவுதான் தேறியது!

இவ்விஷயத்தைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்லியிருப்பதைப் பின்னர்த் தேடிப் படித்தோம். நியூசிலாந்தில் வார்விக் எல்லி என்னும் கல்வியாளர், ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்குக் கதைகளைப் பலமுறை உரக்கப் படித்துக் காட்டச் செய்து, 1989இல் முடிவுகளை வெளியிட்டார். விளக்கம் எதுவும் சொல்லாமல் வெறுமே படித்தபோதே, கதையிலிருந்து பொறுக்கியெடுத்துச் சோதித்த சொற்களில் குழந்தைகளின் தேர்ச்சி 15 சதவீத அளவுக்கு உயர்ந்தது. படிக்கும்போதே இடையிடையே சொல்லைச் சுருக்கமாக விளக்கியபோது அது 40 சதவீதம் வரை சென்றது. இதில் கவனிக்கத் தக்கவை இரண்டு: ஒரே கதையை மீண்டும் மீண்டும் படித்தார்கள், எல்லாச் சொற்களையும் விளக்கவில்லை. நாமோ ஒரே முறை படித்து, எல்லாவற்றையும் விளக்கினோம்.

ஆகவே மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். எங்கும் நிறுத்தாமல், குரலை ஏற்றியும் இறக்கியும், படங்களைக் காட்டிக்கொண்டே படித்தோம். புரியாதது புரியாமலே போகட்டும் என்று விட்டுவிட்டோம். மொழிபெயர்ப்பாளருக்கு இது எளிதன்று. ஆனால் இளையவன் உறங்கவில்லை.

இரண்டாவது வாசிப்புக்குச் சொற்களைத் தேர்ந்து வைத்துக்கொண்டோம். அமெரிக்காவில் இசபெல் பெக் முதலிய ஆசிரியைகள் 2002இல் எழுதிய நூல் ஒன்றில், சொற்களை மூன்று படியாகப் பிரித்திருக்கிறார்கள். அன்றாடம் தானே வரும் சொல் முதற்படி. பல இடங்களில் பயன்படக்கூடிய, ஆனால் பேச்சில் அரிதாக வரும் சொல் இரண்டாம் படி. ஒரு துறைக்கே உரிய சொல் மூன்றாம் படி. உழைப்பை இரண்டாம் படியில் செலவிடுங்கள் என்பது அவர்கள் கூற்று. நம் குழந்தைகளின் தமிழுக்கு இப்பிரிவு பொருந்துமா என்று பார்த்தால், படிகள் சற்று இடம் மாறிவிடுகின்றன. தமிழ்நாட்டுக் குழந்தைக்கு முதற்படியிலிருக்கும் 'சாக்கு', 'சுமை', 'நிழல்' முதலியவை தில்லிக் குழந்தைக்கு அங்கே இல்லை. இத்தகைய பொருட்பெயர்களுக்கு இந்திச் சொல்லையே சொல்லிவிட்டு நகர்வதில் குற்றம் ஒன்றும் இல்லை என்பது நம் அபிப்பிராயம். 'சுங்கச்சாவடி' போன்றவற்றைப் படத்தில் தொட்டுக் காட்டினால் போதும். 'தயங்கினார்', 'மறுத்தார்', 'விலகினார்', 'இரங்கினார்', 'அவமானம்' ஆகிய ஐந்தையே நாம் உழைப்புக்கென எடுத்துக்கொண்டோம்.

'தயங்கு' என்பதற்குப் பொருள் சொல்லவில்லை. எண்ணெய்க் குளியலுக்கு முன் இளையவன் நிற்கும் நிலையை நினைவூட்டினோம், போதுமானதாக இருந்தது. மறுநாள் மெட்ரோ நிலையத்தில், ஓடும் படிக்கட்டில் கால் வைக்க அஞ்சி நின்ற ஒரு கிராமத்துப் பெரியவரைக் கண்டு, "அம்மா, அவர் தயங்குகிறார்" என்று அவனே சொன்னான். புத்தகத்தில் கேட்ட சொல் புத்தகத்துக்கு வெளியே ஒருமுறையேனும் பயன்பட்டால்தான் அது குழந்தையுடையதாகிறது.

இங்கே இடையில் ஒன்று. 'கேட்டான்' என்ற சொல் நம் குழந்தைகளை எப்படித் தடுமாற வைக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தமிழில் செவியால் கேட்பதற்கும் வினாவாகக் கேட்பதற்கும் சொல் ஒன்றுதான். இந்தியில் 'சுன்னா' வேறு, 'பூச்னா' வேறு. 'பீம் தந்தையிடம் கேட்டான்' என்று நாம் சொன்னபோது, தந்தை சொல்ல மகன் கேட்டதாகவே இளையவன் கொண்டான். இத்தனை நாளும் எத்தனை இடங்களில் இப்படிப் பொருள் திரிந்ததோ தெரியாது. எழுத்தறிவு வேறு, பொருளறிவு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வரலாற்றின் நடுவில் ஒரு பயணம் வருகிறது. அம்பேத்கர் தாமே பிற்காலத்தில் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளில் காணும் நிகழ்ச்சி அது. 1901ஆம் ஆண்டு; அவருக்கு அப்போது ஒன்பது பத்து வயதுதான். தந்தையார் வேலை நிமித்தம் கோரேகாவ்ங் என்ற ஊரில் இருக்கிறார். கோடை விடுமுறைக்கு அவரிடம் செல்லச் சிறுவர்கள் சாத்தாராவிலிருந்து புறப்படுகிறார்கள். புத்தாடை, சரிகைத் தொப்பி, கூடை நிறைய உணவு. முதல் ரயில் பயணம். மசூர் நிலையத்தில் இறங்கினால், அழைத்துச்செல்ல ஒருவரும் வரவில்லை. எழுதிய கடிதம் தந்தையார் கைக்குப் போய்ச் சேரவில்லை. நிலைய அதிகாரி அன்பாக வந்து விசாரிக்கிறார். தாங்கள் மஹார் குலத்தவர் என்று சிறுவன் சொன்னதும், அவருடைய முகம் மாறிவிடுகிறது, விலகிப் போய்விடுகிறார். வண்டிக்காரர்களும் மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர், இரட்டைக் கூலி பேசி, வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டுமென்றும் தாம் கூட நடந்து வருவதாகவும் இசைகிறார். நள்ளிரவில் சுங்கச்சாவடி அருகே தங்குகிறார்கள். கூடை நிறைய உணவு இருக்கிறது. ஆனால் பட்டினியோடு படுத்துக்கொள்கிறார்கள்.

இங்கே நாம் நிறுத்தினோம். "உணவுதான் நிறைய இருந்ததே, ஏன் சாப்பிடவில்லை?" என்று வினவினோம்.

பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கேட்கும் வினா ஒரு வகை; விடை ஏட்டிலேயே இருக்கும், குழந்தை விரலை வைத்துக் காட்டிவிடும். நாம் கேட்டது, நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் வினா. இத்தகைய வினா ஒன்று, முன்னது பத்துக்குச் சமம். மூத்தவள், "கட்டுச்சோறு கெட்டுப்போயிருக்கும்" என்றாள். இளையவன், "ஊட்டிவிட அம்மா இல்லை" என்றான். இரண்டும் தவறான விடைகள். ஆயினும் யோசித்த விடைகள். சரி தவறு சொல்லாமல், முந்தைய பக்கங்களைத் திருப்பிப் பார்க்கச் சொன்னோம். சற்று நேரத்தில் மூத்தவள், "தண்ணீர்! அவர்களுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது?" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

அடுத்த கேள்வியை நாம் கேட்கவில்லை, அவளே கேட்டாள். "ஆனால் அந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஏன் விலகிப் போனார்? பீமுக்கு அம்மை போட்டிருந்ததா?"

முதல் நாள், 'தெரியும்' என்று சொன்னவள் இவள்தான். இந்திச் சொல் தெரியும், பாடத்தில் படித்தது, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கக்கூடும். பொருள் என்னவென்றால், நோயுற்றவரைத் தொடக்கூடாது என்பதாக அவள் மனத்தில் படிந்திருக்கிறது. நம் வீட்டில் அம்மை கண்டபோது வேப்பிலை கட்டி, ஒதுக்கி வைத்ததை அவள் அறிவாள். அறிந்ததைக்கொண்டு அறியாததை நிரப்பிக்கொண்டாள். ஒரு சொல்லுக்குப் பதில் மற்றொரு சொல்லைக் கொடுத்து அவளுடைய அறியாமையை மூடிவைத்தவர்கள் நாம்.

அன்றிரவு 'தீண்டாமை' என்ற சொல்லைப் பிரித்தோம். 'தீண்டு' என்றால் தொடு. இன்று அது பேச்சில் அருகிவிட்டது. 'பாம்பு தீண்டியது' என்னும் வழக்கில் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதனோடு 'ஆமை' சேர்ந்தால் எதிர்மறையாகிறது: அறிதல், அறியாமை; கற்றல், கல்லாமை. திருக்குறள் அதிகாரங்களில் கொல்லாமை, கள்ளாமை என்று வருவனவும் இவ்வாறு அமைந்தவையே. இளையவன், "ஆமையா?" என்று சிரித்தான்; குறிப்பேட்டில் ஓர் ஆமை வரைந்து, அதன் முதுகில் 'அறி' என்று எழுதினான். இலக்கணம் அப்படியும் உள்ளே போகிறது.

இவ்வளவும் சொல்லின் உடம்பைப் பற்றியதுதான். பொருளுக்காகப் பள்ளிக்கூடப் பக்கத்துக்குத் திரும்பிச் சென்றோம். மற்றப் பிள்ளைகள் தாகமெடுத்தால் தாமே குழாயைத் திறந்து குடிக்கலாம். பீம் குழாயைத் தொடலாகாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். அவர் வராத நாளில் தாகம் தாகந்தான். உட்காரும் சாக்கை மாலையில் வீட்டுக்கு எடுத்துச் சென்று, காலையில் கொண்டுவர வேண்டும். பள்ளியைப் பெருக்குகிறவர்கூட அதைத் தொடமாட்டார். "பீமுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டோம். "இல்லை." "குழாயில் பழுதா?" "இல்லை." "பின் ஏன்?" நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "ஒன்றுமே இல்லை அம்மா. அவன் அந்த வீட்டில் பிறந்தான், அதனால்தான்" என்றாள் மூத்தவள்.

பீமாயணத்தின் சித்திரங்களில் ஒரு நுட்பம் உண்டு. பேச்சை எழுதும் குமிழ்கள் எல்லாம் ஒரே வடிவில் இல்லை. கனிவான பேச்சு பறவையின் வடிவில் இருக்கும். கொட்டும் பேச்சுக்குத் தேளின் வால் இருக்கும். இதை நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் இளையவன்தான் முதலில் கண்டுபிடித்தான். அதன் பின் ஒவ்வொரு பேச்சையும் படிக்குமுன், "பறவையா, தேளா?" என்று கேட்டு, அதற்கேற்ற குரலில் படிக்கச் சொன்னான். ஒரு வாக்கியத்தின் தொனியை அறிவது பொருளறிவின் மேற்படி என்பார்கள். படம் அவனை நேரே அங்கே ஏற்றிவிட்டது.

மறுநாட் காலையில் அடுக்களையில் நடந்தது இது. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாளுக்குத் தேநீர் கொடுப்பது வழக்கம். அதற்கென்று எவர்சில்வர் தம்ளர் ஒன்று, மற்றத் தம்ளர்களோடு சேராமல், சன்னல் விளிம்பில் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். யார் அவ்வாறு வைக்கத் தொடங்கினார்கள் என்பது நினைவில்லை. குடியிருப்பில் பல வீடுகளில் உள்ள வழக்கந்தான். மூத்தவள் பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில், தண்ணீர் குடிக்க அந்தத் தம்ளரை எடுத்தாள். "அது வேண்டாம், வேறு எடு" என்றோம், பழக்கத்தால்.

அவள் தம்ளரைக் கீழே வைக்கவில்லை. "ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றோம்.

"தம்ளரில் ஓட்டையா?"

முந்தைய இரவு நாம் கேட்ட கேள்விகளையே, அதே வரிசையில் அவள் கேட்டுக்கொண்டு வருகிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. மூன்றாவது கேள்வியை அவள் கேட்கவில்லை. பள்ளிப் பேருந்து வந்துவிட்டது.

அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1950 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதனை ஒட்டிய தண்டனைச் சட்டம் 1955இல் வந்தது. பிரிவின் வாசகத்தை அலுவலகக் கோப்புகளில் எத்தனையோ முறை தமிழாக்கிக் கொடுத்திருக்கிறோம். ஓர் ஒற்றெழுத்து விடுபட்டால்கூடத் திருத்தியிருக்கிறோம். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அந்தத் தம்ளரைக் கழுவி, மற்றவற்றோடு அடுக்கில் வைத்தோம். இப்போது எது எந்தத் தம்ளர் என்று தெரிவதில்லை. மறுநாள் தேநீர் வாங்கிக்கொண்டபோது அந்த அம்மாள் தம்ளரை ஒருமுறை திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்குச் சொல் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

இவ்வாறான கேள்விகள் வரும் என்றால், இனிய கதைகளாகவே படித்துவிடலாமே என்று ஒரு நண்பர் கூறினார். குழந்தையின் மனம் நோகும் என்பது அவர் கருத்து. கடினமான பக்கங்களைத் தாண்டிப் போகலாம். நாமும் முதல் நாள் ஏறக்குறைய அதைத்தான் செய்தோம். தாண்டிய பக்கத்தில் பொருள் விளங்காது; விளங்காத இடத்தைக் குழந்தை தானே எதையாவது கொண்டு நிரப்பிக்கொள்ளும். அம்மை என்று நிரப்பிக்கொண்டதைப் பார்த்தோம். வயதுக்கு ஏற்றவாறு நூலைத் தேர்ந்தெடுப்பது வேறு. தேர்ந்தெடுத்த நூலில் ஒளித்துப் படிப்பது வேறு.

நேயர்களில் யாரேனும் இதைச் செய்து பார்ப்பதாயின், சில சிறு விவரங்களைச் சொல்லலாம். ஒரு நூலுக்கு ஒரு வாரம் போதாது. இரண்டு வாரமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவுக்கு ஐந்தாறு பக்கங்களுக்கு மேல் வேண்டாம். ஏட்டுத் தமிழை வீட்டுப் பேச்சாக மாற்றிப் படிக்காதீர்கள். எழுதியபடியே படித்துவிட்டு, அதன் பின் நம் பேச்சில் பேசுங்கள். 'சென்றான்' என்பதைச் செவி கேட்டுப் பழகினால்தான் கண் அதை ஏட்டில் அடையாளம் கண்டுகொள்ளும். குழந்தை இந்தியில் விடை சொன்னால் தடுக்க வேண்டாம். விடை சரியானால், அதையே தமிழில் நாம் ஒருமுறை திருப்பிச் சொன்னால் போதும். மூன்றாவது வாசிப்பைக் குழந்தையிடம் விட்டுவிடலாம்.

நம் வீட்டில் மூன்றாவது வாசிப்பு இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் நடக்கிறது. மூத்தவள் திருநெல்வேலியிலிருக்கும் பாட்டிக்குப் படித்துக் காட்டுகிறாள். பக்கத்துக்குப் பக்கம் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருப்பதால், ஏட்டில் இல்லாத தமிழையும் அவள் தேடவேண்டியிருக்கிறது. இளையவன் அருகே இருந்து பறவை, தேள் என்று குறிப்புக் கொடுக்கிறான். சென்ற ஞாயிறு மசூர் நிலையத்தைத் தாண்டி, வண்டி புறப்பட்டுவிட்டது. 'சுங்கச்சாவடி'யில் அவளுக்கு இன்னும் நாக்குத் தடுக்குகிறது. பாட்டி எடுத்துக் கொடுக்காமல், அவளே சொல்லி முடிக்கும் வரையில் காத்திருக்கிறார்.